30 வாட்ஸ் குழாயும் 100 வாட்ஸ் ஆம்பும்: பூஸ்ட் பெடலின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில திரும்பச் சொல்லல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

போன மாசம் ரெட்டிபாளையத்துல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். அரியலூர், பெரம்பலூர் பக்கம் திருவிழா, கல்யாணம்னு போற லைட் மியூசிக் ட்ரூப்ல கிட்டார் வாசிக்கிறவர். அவர் கேள்வி இதுதான்: "அண்ணா, பூஸ்ட் பெடல் ஒண்ணு வாங்கினேன். வீட்டுல ஆம்பை 2ல வெச்சு மிதிச்சா சத்தம் எகிறுது, அம்மா ஓடி வர்றாங்க. மேடையில 100 வாட்ஸ் ஆம்பை 9ல வெச்சு, சோலோ வரும்போது மிதிச்சா சத்தம் ஏறவே இல்லை. கொழகொழன்னு ஆயிடுது. பெடல் பத்தலையா, ஆம்ப் பத்தலையா?"

ரெண்டும் பத்தும் தம்பி. ஆனா ஏன்னு சொல்லணும்னா ரெண்டு வரலாறு சொல்லணும். ஒண்ணு இங்கிலாந்துல நடந்தது. இன்னொண்ணு நம்ம ஊர் மைக் செட்டோடது. இந்த ரெண்டும் எதிரெதிர் திசையில வளர்ந்த கதைகள். பூஸ்ட் பெடல்ங்கிற சின்ன டப்பா ஏன் பிறந்தது, நம்ம மேடையில ஏன் வேற மாதிரி நடந்துக்குதுங்கிறது அந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

மைக் வர்றதுக்கு முன்னாடி

முதல்ல குரலில் இருந்து ஆரம்பிப்போம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933ல, இருபத்தேழு வயசுல இறந்துட்டார். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில பாடின காலத்துல, கொட்டகையோட கடைசி வரிசைக்குப் பாட்டு போய்ச் சேரணும்னா தொண்டைதான் ஒரே கருவி. அதனால உச்ச சுருதியில பாடினாங்க. உயரமான சுரம் கூட்டத்தோட இரைச்சலைத் தாண்டிப் போகும், நம்ம காதும் அந்த அலைவரிசையைத்தான் கூர்மையா பிடிக்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி கிட்டாருக்கும் இதே விஷயம் வரும்.

மின்சாரத்தால பேச்சைப் பெருக்குறது அமெரிக்காவுல 1910கள்ல வந்துடுச்சு. 1919ல சான் டியாகோவுல அதிபர் உட்ரோ வில்சன் சுமார் 50,000 பேர் முன்னாடி மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கி வழியா பேசினார். இந்தியாவுல இந்தக் கதை அரசியல் கூட்டத்தோட பின்னிக்கிடக்கு. காந்தி பேசுறது கூட்டத்துல பாதிப் பேருக்குக் கேட்காது. இதைப் பார்த்த நானிக் மோட்வானே, 1931 கராச்சி காங்கிரஸ்ல இருந்து மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைக்க ஆரம்பிச்சார். அவங்க குடும்ப கம்பெனி பேரு சிகாகோ ரேடியோ. பேர்லதான் சிகாகோ, ஆளுங்க சிந்திக்காரங்க. காந்தி, நேரு பேசுற பழைய போட்டோக்கள்ல மைக் மேல அந்தப் பேர் இருக்கிறதைப் பார்க்கலாம். 1940ல டெல்லியில அஹுஜா தொடங்குது. இன்னைக்கும் தமிழ்நாட்டு சவுண்ட் சர்வீஸ் கடையில அந்தப் பேரைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க.

ஆக, இந்தியாவுல சத்தத்தைப் பெருக்குற தொழில்நுட்பம் ராக் இசைக்காக வந்தது இல்லை. பேச்சுக்காக வந்தது. கட்சிக் கூட்டம், கோயில், கல்யாணம், சினிமா கொட்டகை அறிவிப்பு. தமிழ்நாட்டு அரசியலை மேடைப் பேச்சு இல்லாம யோசிக்கவே முடியாது, மேடைப் பேச்சை குழாய் ஸ்பீக்கர் இல்லாம யோசிக்க முடியாது.

லண்டன்ல நடந்தது என்ன?

இப்போ இங்கிலாந்து. அங்க நிலைமை தலைகீழ். 1962ல லண்டன் ஹான்வெல்ல ஜிம் மார்ஷல்னு ஒரு டிரம்ஸ் வாத்தியார் மியூசிக் கடை வெச்சிருந்தார். ஃபெண்டர் பேஸ்மேன்ங்கிற அமெரிக்க ஆம்ப்பை மாதிரியா வெச்சு, கென் பிரான், டட்லி கிராவன்னு ரெண்டு பேரோட சேர்ந்து சொந்தமா ஒரு ஆம்ப் செய்றார். அதுதான் ஜேடிஎம்45. அப்புறம் 1965 வாக்குல தி ஹூ பேண்டோட பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் வந்து, "இது பத்தலை, இன்னும் சத்தம் வேணும்"னு கேக்குறாங்க. அப்படி வந்தது 100 வாட்ஸ் மார்ஷல். முதல்ல ஒரே பெட்டிக்குள்ள எட்டு 12 இன்ச் ஸ்பீக்கர் வெச்சிருக்காங்க. தூக்குறவங்க முதுகு உடைஞ்சு போகவே, நாலு நாலா ரெண்டு பெட்டியா பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாங்க. ராக் கச்சேரி போஸ்டர்ல நாம பார்க்குற அந்த "ஸ்டாக்" அப்படித்தான் பிறந்தது.

ஏன் இவ்வளவு பெரிய ஆம்ப்? அங்க பொது ஒலிபெருக்கி அமைப்பு ரொம்பப் பலவீனமா இருந்தது. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸைப் பார்க்க சுமார் 55,000 பேர். அவங்களுக்காக வாக்ஸ் கம்பெனி தனியா 100 வாட்ஸ் ஆம்ப் செஞ்சு கொடுத்தது. பாட்டு? அது ஸ்டேடியத்துல பேஸ்பால் மேட்சுக்கு அறிவிப்பு சொல்ற ஸ்பீக்கர் வழியா போச்சு. கூட்டத்தோட அலறல்ல பாதிக்கு மேல காணாமப் போச்சு.

அதாவது, கிட்டாருக்கு மைக் வெச்சு அரங்கம் முழுக்க அனுப்புற வசதி அங்க அப்போ இல்லை. கிட்டார்காரர் பின்னாடி நிக்கிற பெட்டியே கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரணும். அதனால ஆம்ப் பெருசாச்சு, பக்கத்துல டிரம்ஸ்காரர் வேகமா அடிச்சார், அதுக்கு மேல ஆம்ப் இன்னும் பெருசாச்சு.

ஒரு டிரான்சிஸ்டர், ஒரு டப்பா

பெரிய ஆம்ப் வந்ததும் ஒரு புதுப் பிரச்னை. அந்தக் கால வால்வு ஆம்ப்பை முழுசா திறந்தாத்தான் இனிமையா கிழியும். அப்படித் திறந்தா கீழ் சுரம் எல்லாம் சேறு மாதிரி குழம்பும். இதுக்கு விடையா 1960களின் நடுவுல லண்டன்ல டல்லாஸ் கம்பெனி ரேஞ்ச்மாஸ்டர்னு ஒரு ட்ரெபிள் பூஸ்டரை வித்தது. உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், பெரும்பாலும் ஓசி44. கால்ல மிதிக்கிற டப்பா கூட இல்லை, ஆம்ப் மேல வெக்கிற பெட்டி. கீழ் சுரத்தைக் குறைச்சு, நடுவையும் மேலையும் தூக்கி ஆம்ப்புக்குள்ள தள்ளும். அயர்லாந்துக்காரர் ரோரி கலகர் அதை வாக்ஸ் ஏசி30ல போட்டு வாசிச்சார். குயீன் பேண்டோட பிரையன் மே ட்ரெபிள் பூஸ்டரும் வரிசையா ஏசி30களும் வெச்சு ஒரு வாழ்க்கையே வாசிச்சிருக்கார்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, ஏன்னா இதுல ஹீரோ நம்ம ஆளு மாதிரி. மைக் மேத்யூஸ் ஐபிஎம்ல கம்ப்யூட்டர் விக்கிற வேலை பார்த்தவர். கிட்டார் சுரம் நீளமா நிக்கிற மாதிரி ஒரு கருவி வேணும்னு பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த பாப் மையர்கிட்ட கேக்குறார். மையர் செஞ்ச மாதிரிக் கருவியைப் பார்க்கப் போனா, அதுக்கு முன்னாடி ஒரு குட்டி டப்பா சொருகியிருக்கு. "இது என்ன?"ன்னு கேட்டா, "கிட்டார் சிக்னல் ரொம்பச் சின்னதா இருக்கு, அதைத் தூக்கிவிட ஒரு டிரான்சிஸ்டர் போட்டேன்"ங்கிறார். மேத்யூஸ் அந்தக் குட்டி டப்பாவை மட்டும் ஆம்ப்ல சொருகிப் பார்க்குறார். ஆம்ப் அலறுது. ஓரமா இருந்த ஹெல்ப்பர் ஃபங்ஷனே ப்ராடக்ட் ஆயிடுச்சு! 1960களின் கடைசியில எல்பிபி-1ங்கிற பேர்ல அது எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸோட ஆரம்பகால வெற்றியாச்சு. இன்னைக்கும் விக்கிறாங்க.

இது உள்ளுக்குள்ள என்ன செய்யுது? கிட்டார் பிக்கப்ல இருந்து வர்றது சில நூறு மில்லிவோல்ட். பூஸ்ட் அதைச் சுமார் 10 மடங்கு ஆக்கும், அதாவது 20 டெசிபல். ஆம்ப்போட முதல் வால்வுக்கு இது பேரிடி. அது ஒரு அளவுக்கு மேல வாங்காது. நம்ம கோடு எழுதுறவங்க பாஷையில சொன்னா, ஒரு பிக்சல் மதிப்பு 255க்கு மேல போகாது இல்லையா, 400 கொடுத்தாலும் 255தான். அலையோட உச்சி வெட்டுப்படும். அப்படி வெட்டுப்படுற விதத்துல புதுசா ஒத்திசைச் சுரங்கள் பிறக்கும், அதைத்தான் நாம டிஸ்டார்ஷன்கிறோம். கூடவே ஒரு போனஸ்: சுரம் தேயும்போதும் உச்சி ரொம்ப நேரம் 255லயே நிக்கும். அதனால சுரம் நீளுது.

ஆக ஒரே டப்பாவுக்கு ரெண்டு குணம். ஆம்ப்ல இன்னும் இடம் இருந்தா சத்தம் ஏறும். இடம் இல்லைன்னா சத்தம் ஏறாது, குணம் மாறும்.

பர்மிங்காம்: விரல் போன ஒரு தொழிலாளி

சத்தமான ஆம்ப்பும் பூஸ்டரும் சேர்ந்தா என்ன ஆகும்னு உலகத்துக்குக் காட்டினவர் டோனி ஐயோமி. பர்மிங்காம்காரர். அங்க தகரத் தொழிற்சாலை வேலை. பதினேழு வயசுல, வேலையை விட்டுட்டு பேண்டோட வெளியூர் கிளம்ப இருந்த கடைசி நாள்ல, மெஷின்ல வலது கையோட ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. இடதுகைக்காரர், அதனால கம்பி அழுத்துற கையே போன மாதிரி. வாசிப்பு முடிஞ்சதுன்னு எல்லாரும் சொன்னப்போ, தொழிற்சாலையில அவருக்கு மேல இருந்த ஒருத்தர் ஜாங்கோ ரெயின்ஹார்ட் ரெக்கார்டைப் போட்டுக் காட்டியிருக்கார். தீ விபத்துல ரெண்டு விரல் முடங்கியும் வாசிச்ச கிட்டார்காரர் அவர்.

ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார். மெல்லிசான கம்பி போட்டார், அது கடையில கிடைக்காததால பேஞ்சோ கம்பியைப் பயன்படுத்தினார். ஆம்ப், அதே ஊர்ல 1967ல தொடங்கின லேனி கம்பெனியோட 100 வாட்ஸ். முன்னாடி, பிரிச்சு மாத்தி அமைச்ச ஒரு ரேஞ்ச்மாஸ்டர். 1970 பிப்ரவரி 13ல வெளிவந்த பிளாக் சப்பாத்தோட முதல் ஆல்பத்துல இருக்குற அந்தக் கனமான, இருட்டான சத்தம் இந்தக் கூட்டணிதான். ஹெவி மெட்டல்ங்கிற வகையே அங்கிருந்து கிளைச்சது.

ரெட்டிபாளையம், அரியலூர் பக்கத்து ஆளுங்களுக்கு நான் இதை ஏன் சொல்றேன்னா, சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் ஆலை ஷிஃப்டும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஐயோமி அந்நிய ஆள் இல்லை. மெஷின்ல விரல் கொடுத்த மனுஷன் எல்லாத் தொழிற்சாலை ஊர்லயும் இருப்பார். அந்த இசை அரண்மனையில பிறக்கலை. புகையும் இரும்பு இரைச்சலும் இருந்த ஒரு ஊர்ல, கையில இருந்ததைப் பிரிச்சு மேய்ஞ்சு செஞ்சது.

நம்ம ஊர் கணக்கு

இப்போ நம்ம மேடைக்கு வருவோம். என் அம்மா ஊர் அரியலூர் பக்கம். ஆடி மாசம் அங்க போனா ஒரு ஊர் தாண்டி அடுத்த ஊர்ப் பாட்டு கேக்கும். 100 வாட்ஸ் மார்ஷல் ஸ்டாக் இல்லாமலே! எப்படி?

ஸ்பீக்கர்ல வாட்ஸ் மட்டும் கணக்கு இல்லை, சென்சிடிவிட்டின்னு ஒண்ணு இருக்கு. 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருதுங்கிற அளவு. ராக் ஆளுங்க கொண்டாடுற செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு அது 98. குழாய் ஸ்பீக்கருக்கு பொதுவா 105ஐத் தாண்டும், ஏன்னா அந்தப் புனல் வடிவம் காத்தை நல்லா பிடிச்சுத் தள்ளுது. 106னு வெச்சுக்குவோம். கிரீன்பேக் மாதிரி ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்தா 98 கூட 20 சேர்த்து 118 டெசிபல். குழாய்க்கு வெறும் 30 வாட்ஸ் கொடுத்தா 106 கூட சுமார் 15, ஆக 121. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வெச்சுப் பார்த்தா, பனைமரத்துல கட்டின 30 வாட்ஸ் குழாய் லண்டன் 100 வாட்ஸை ஒரு கை பார்த்துடும். மார்ஷல்ல அந்த மாதிரி நாலு, எட்டு ஸ்பீக்கர் ஒண்ணா சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஏறும், அது வேற. ஆனா பவர் கம்மியா இருந்த கிராமத்துக்கு, பேட்டரியில ஓடுற செட்டுக்கு, குழாய் ரொம்பப் புத்திசாலித்தனமான தேர்வு.

அதுக்கு ஒரு விலை உண்டு. சின்னக் குழாயில சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதுவும் ஒழுங்கா வராது. கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ்ல தொடங்குது. பேச்சு தெளிவா கேக்கும், நாதஸ்வரம் அள்ளும், பேஸ் கிட்டார் காணாமப் போகும்.

இங்கதான் நம்ம வரலாறு இங்கிலாந்துக்கு எதிரா திரும்புது. அங்க பொது ஒலிபெருக்கி பலவீனம், அதனால கிட்டார் ஆம்ப் ராட்சசன் ஆச்சு. இங்க பொது ஒலிபெருக்கி முதல்லயே வந்து உக்காந்துடுச்சு, கிட்டார் பிறகு விருந்தாளியா வந்தது. அதுவும் சிரமப்பட்டு வந்தது. 1991க்கு முன்னாடி இறக்குமதிக் கட்டுப்பாட்டுல வெளிநாட்டு ஆம்ப் வாங்குறது சாதாரண ஆளுக்குக் கனவு. கல்கத்தாவுல செஞ்ச கிவ்சன், ஹாப்னர் கிட்டார்கள்தான் பல பேருக்கு முதல் கிட்டார். 1970, 71ல சிம்லா பீட் போட்டியில இருந்து வந்த ரெக்கார்டுகளைக் கேட்டீங்கன்னா, நம்ம நாட்டு பேண்டுகளும் ஃபஸ் போட்டுக் கிழிச்சது தெரியும். ஆனா அது பெருநகரக் கல்லூரி உலகம்.

கிராமத்து மேடையில நான் பார்த்த பழைய செட்டுகள்ல கிட்டார் வயர் நேரா மைக் செட் ஆம்ப்ளிஃபயருக்கே போகும். அந்த மைக் இன்புட் பேசுற மைக்குக்காகச் செஞ்சது. கிட்டார் பிக்கப் அதுல சொருகினா சுமை தாங்காம மேல் சுரமெல்லாம் மங்கிப்போகும், கம்பளி போத்தின மாதிரி கேக்கும். அந்த இடத்துல முன்னாடி ஒரு பூஸ்ட் வெச்சா, அது சத்தத்துக்காக இல்லை. பிக்கப் மேல விழுற சுமையைத் தான் வாங்கிக்கிட்டு, சிக்னலை மேல தூக்கி அனுப்புது. லண்டன்ல பூஸ்ட்டோட வேலை ஆம்ப்பை வளைக்கிறது. நம்ம மேடையில அதோட வேலை, பேச்சுக்காகக் கட்டின அமைப்புக்குள்ள கிட்டாருக்கு ஒரு இடம் வாங்கிக் கொடுக்குறது.

கமகத்துக்கு நேரம் வேணும்

இன்னொரு தமிழ்நாட்டுக் கதை, இது கர்நாடக சங்கீத மேடையில. மாண்டலின் கம்பியைத் தட்டினா சுரம் சட்டுனு செத்துடும். கமகத்துக்குச் சுரம் உயிரோட நிக்கணும். ஆந்திராவோட பாலக்கொல்லுல பிறந்து சென்னையில வாழ்ந்த யு. ஸ்ரீநிவாஸ், சாதாரண மாண்டலினோட எட்டுக் கம்பியை விட்டுட்டு, அஞ்சு ஒற்றைக் கம்பி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்தார். சின்னப் பையனா 1980களின் தொடக்கத்துல சென்னை சபாக்களை அதிர வெச்சார். அவர் கேட்டது சத்தம் இல்லை. தேய்ற சுரத்தோட வாலை காது பிடிக்கிற உயரத்துக்குத் தூக்குறது. ராணிப்பேட்டையில பிறந்து, சென்னை ஐஐடியில கப்பல் கட்டுமானம் படிச்சு, அப்புறம் பெர்க்லீ போன கிட்டார் பிரசன்னாவும் எலெக்ட்ரிக் கிட்டார்ல கீர்த்தனை வாசிக்க அதே வழியைத்தான் பிடிச்சார்.

ஐயோமிக்கும் ஸ்ரீநிவாஸுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டா, சத்தத்துல இல்லை. ஆனா ரெண்டு பேருக்கும் கம்பி போட்ட சவால் ஒண்ணுதான்: சுரம் சீக்கிரம் செத்துடுது. ஒருத்தர் ஆம்ப்பை உடைச்சு நீட்டினார், இன்னொருத்தர் உடையாமத் தூக்கி நீட்டினார்.

தம்பியோட கேள்விக்கு

இப்போ பதில் சுலபம். ஆம்ப்பை 9ல வெச்சா அது ஏற்கெனவே 255ஐத் தொட்டுடுச்சு. அதுக்கு மேல மிதிச்சா ஏற இடம் இல்லை. 200 வாட்ஸ் ஆம்ப் வாடகைக்கு எடுத்தாலும் பெருசா மாறாது. வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது 10 மடங்கு வாட்ஸ். வேற வழி பாருங்க.

ஒண்ணு: ஆம்ப்பை 5, 6க்கு இறக்குங்க. பாட்டுக்குப் பின்னாடி வாசிக்கும்போது கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. அப்போ சோலோவுக்கு மேல போக இடம் மிச்சம் இருக்கும். மேடைக்காரங்க இதை ஹெட்ரூம்னு சொல்வாங்க. தலைக்கு மேல கூரைக்கு எவ்வளவு இடம் இருக்குங்கிறதுதான்.

ரெண்டு: ஆம்ப் பின்னாடி செண்ட், ரிட்டர்ன்னு ரெண்டு சாக்கெட் இருந்தா, பூஸ்ட்டை அங்க போடுங்க. முன்னாடி போட்டா டிஸ்டார்ஷன் கூடும். டிஸ்டார்ஷன் பிறக்குற இடத்தைத் தாண்டிப் போட்டா, அதே தொனி அப்படியே சத்தமா ஏறும். இதுவும் மாஸ்டர் வால்யூம்ல இடம் இருந்தாத்தான்.

மூணு: கிட்டப்பாவை நினைச்சுக்கோங்க. மேடையில பேஸ் கிட்டார், கீபோர்டோட இடது கை, டோலக், பேட் எல்லாம் கீழ இடத்தை ஆக்கிரமிச்சிருக்கும். அங்க போய் முட்டாதீங்க. நடுச் சுரத்தைத் தூக்குங்க. 1970களின் கடைசியில ஜப்பான்ல வந்த ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை பல பேர் டிரைவை முழுசா இறக்கி, லெவலை ஏத்தி, வெறும் பூஸ்ட்டாவே பயன்படுத்துறது இதுக்காகத்தான். கீழைக் குறைச்சு, சுமார் 700 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கும். ரேஞ்ச்மாஸ்டர் கத்துக்கொடுத்த அதே பாடம்.

நாலு: முழு வால்யூம்ல வெட்டுப்படுற ஆம்ப், பெட்டியில எழுதியிருக்கிற வாட்ஸைவிட அதிகமா வெளியே தள்ளும், சில நேரம் இரண்டு மடங்கு கிட்ட. ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் தாங்கும்னு பார்க்காம பூஸ்ட் போட்டு அழுத்தினா காயில் கருகும். வாடகை ஆம்ப்னா கணக்கு உங்க தலையில.

அஞ்சு: இன்னைக்கு நம்ம சவுண்ட் சர்வீஸ்காரங்ககிட்ட குழாய் மட்டும் இல்லை, பெரிய பாக்ஸ் ஸ்பீக்கரும் மிக்சரும் இருக்கு. 1965ல பீட்டில்ஸுக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இருக்கு. சின்ன ஆம்ப்பா வெச்சு, அதுக்கு முன்னாடி ஒரு மைக் வெச்சு, கூட்டத்துக்குக் கொண்டு போற வேலையை மிக்சர்ல இருக்கிற அண்ணன்கிட்ட விடுங்க. சோலோ எந்தப் பாட்டுல எங்க வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி அவர் கையில கொடுங்க.

சத்தத்தோட பில் யாருக்கு?

கடைசியா ஒரு விஷயம். இங்கிலாந்துல நடந்த ஆம்ப் போட்டி எங்க போய் முடிஞ்சதுன்னு பார்க்கணும். 1976ல லண்டன் சார்ல்டன் மைதானத்துல தி ஹூ நடத்தின கச்சேரி உலகத்துலயே சத்தமானதுன்னு கின்னஸ்ல ஏறுச்சு. அப்புறம் அந்தப் பிரிவையே கின்னஸ் எடுத்துட்டாங்க, காதைக் கெடுக்கிற போட்டியை ஊக்குவிக்கக் கூடாதுன்னு. 100 வாட்ஸ் கேட்ட அதே பீட் டவுன்ஷெண்ட் பிற்காலத்துல தன்னோட காது கேளாமையையும் காதுக்குள்ள ஓயாம இரையுற சத்தத்தையும் பத்தி வெளிப்படையா பேசினார்.

அமெரிக்காவோட தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்ற கணக்கு: 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். லைட் மியூசிக் கச்சேரி 4 மணி நேரம். 100 வாட்ஸ் ஆம்ப்புக்குப் பக்கத்துல நிக்கிறது கூட்டம் இல்லை, நீங்க. உங்களுக்குப் பின்னாடி டிரம்ஸ் வாசிக்கிற பையன். குழாய் கட்டின மரத்துக்குக் கீழ தூங்குற குழந்தை.

நம்ம நாட்டுச் சட்டத்துலயும் இதுக்கு இடம் இருக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்கள்ல மட்டும், வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம, மாநில அரசு 12 மணி வரைக்கும் அனுமதிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. நம்ம ஊர்ல இது எவ்வளவு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். மைக் செட் அண்ணன் மட்டும் குற்றவாளி இல்லை. "பக்கத்து ஊர்ல இதைவிடச் சத்தமா போட்டாங்களே"ன்னு கேக்குற விழாக் கமிட்டியும்தான் வால்யூமைத் திருகுது. 1965ல டவுன்ஷெண்ட் கேட்ட அதே கேள்விதான் அது.

அதனால தம்பி, அடுத்த கச்சேரிக்கு முன்னாடி ரெண்டு விஷயம் வாங்குங்க. ஒரு ஜோடி காது அடைப்பான், இசைக்காரங்களுக்குன்னே வர்றது, சத்தத்தைச் சமமா குறைக்கும். இன்னொண்ணு செலவே இல்லாதது: சோலோ வரும்போது கீபோர்டுக்காரரும் ரிதம்காரரும் கொஞ்சம் கையைத் தளர்த்தணும்னு ரிகர்சல்லயே பேசி வெச்சுக்கோங்க. நாலு பேர் 3 டெசிபல் இறங்கினா, உங்க கிட்டார் மிதிக்காமலே மேல வந்துடும். வயசானப்போ காதுல மாட்டிக்கிற செவித்துணைக் கருவியும் உள்ளுக்குள்ள ஒரு குட்டிப் பூஸ்டர்தான். ஆனா காதுக்குள்ள செத்துப்போன மயிர்ச் செல்களை அது திருப்பிக் கொண்டு வராது.

உங்க மேடையில கிட்டார் எதுல சொருகுறீங்க, என்ன பிரச்னைன்னு எழுதுங்க. மைக் செட் வெச்சிருக்கிற அண்ணன்கள் இதைக் கேட்டீங்கன்னா கண்டிப்பா எழுதுங்க, பழைய வால்வு செட் இன்னும் ஓடுதுன்னா அதோட போட்டோவும் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.